ஈரக் குடுவையில் செய்த வினையூக்கி

1

எனக்குக் கண் ஆபரேஷன் எதுவும் நடக்கவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

தூத்துக்குடியில் இருக்கும் என் தங்கை செல்விக்கு என் மகள் ரீத்தா ஒரு படம் அனுப்பிவிட்டாள். அதில் நான் வெள்ளைக் கோட்டு போட்டு, பாதி முகத்தை மறைக்கிற பெரிய கண்ணாடி மாட்டி, கையில் நீல உறையோடு நிற்கிறேன். அதைப் பார்த்த செல்வி, எந்தக் கண் என்று கேட்டு அழுதுகொண்டே குரல் அனுப்பினாள். அவள் மருமகனோ, நோயாளிக்கு எதற்குக் கையுறை, பெரியம்மா மலேசியாவில் டாக்டராகிவிட்டார்கள் போல என்றாராம். இரண்டு செய்தியும் ஒரே நாளில் எங்கள் தெரு முழுக்கப் போயிருக்கிறது. கோயிலில் எனக்காக ஒரு பூசைக்கும் சொல்லிவிட்டார்கள். கண்ணுக்காகவா பட்டத்துக்காகவா என்று தெரியவில்லை.

அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பேசச் சொன்னால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எழுதினால் கொஞ்சம் வரும். ஐந்தாவதோடு நின்றவள் எழுதுகிற ரசாயனம் இது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

பினாங்குக்கு நான் கல்யாணப் பெண்ணாக வந்தேன். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் வேலை பார்த்தார். கப்பலை விட்டு இறங்கியபோது குடிநுழைவு அதிகாரி என் பெயரைக் கேட்டார். நான் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். அவர் சொன்னார். அன்றைக்குத் தொடங்கியது அந்தப் பழக்கம். வங்கி, ஆஸ்பத்திரி, அஞ்சல் அலுவலகம் என்று எந்தக் கவுண்டருக்குப் போனாலும் நான் அவர் தோளுக்குப் பின்னால் நிற்பேன். அவர் போன பிறகு ரீத்தாவின் தோள்.

என் அடையாள அட்டை இன்னும் சிவப்புதான். இங்கே குடியுரிமை உள்ளவர்களுக்கு நீலம், நிரந்தரமாகத் தங்க மட்டும் அனுமதி உள்ளவர்களுக்குச் சிவப்பு. நீலத்துக்கு மனுப் போட்டேன். மலாயில் பேசிக் காட்ட வேண்டும் என்று கூப்பிட்டார்கள். சந்தையில் மீன்காரனிடம் விலை பேசுகிற மலாய் எனக்கு உண்டு. ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் ஓர் அதிகாரி உட்கார்ந்து, உங்கள் பக்கத்து வீட்டாரைப் பற்றிச் சொல்லுங்கள் என்றதும் ஒரு வார்த்தை வரவில்லை. பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மாவோடு தினமும் கறிவேப்பிலைக்கும் முருங்கைக்கீரைக்கும் கதை பேசுகிறவள் நான். அங்கே ஊமையாகிவிட்டேன். அட்டை சிவப்பாகவே வீடு திரும்பியது.

மூத்தவன் மெல்பர்னில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போனில் வருவான். பேரப்பிள்ளைகள் "ஹாய் பாட்டி" என்று கை ஆட்டிவிட்டு ஓடிவிடும். அதற்கு மேல் அவர்களுக்கும் தமிழ் இல்லை, எனக்கும் இங்கிலீஷ் இல்லை. ரீத்தா என்னோடு ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் இருக்கிறாள். கல்யாணம் வேண்டாம் என்றுவிட்டாள். மலாய்ப் பள்ளியில் படித்தவள். தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. இதை நான் எழுதிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தாள். என்னைப் பற்றி என்ன எழுதுறீங்க என்றாள். குறையெல்லாம் என்றேன். சிரித்துவிட்டுக் குளிக்கப் போனாள்.

ஜார்ஜ் டவுனில் ஒரு கல்லூரியில் அவளுக்கு வேலை. மேடையில் நின்று பாடம் நடத்துகிறவள் இல்லை. பிள்ளைகள் ரசாயனக் கூடத்தில் கையால் செய்து படிக்கிறார்களே, அந்தப் பாடத்தைத் தயார் செய்து, பக்கத்தில் நின்று செய்ய வைக்கிறவள்.

3

அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. வருகிற பருவத்தில் முதலாமாண்டுப் பிள்ளைகள் ஒரு கேட்டலிஸ்ட்டைத் தங்கள் கையாலேயே செய்ய வேண்டும். ஏதோ உலோக காம்ப்ளெக்ஸ் என்றாள். காம்ப்ளெக்ஸ் என்றால் எனக்குத் தெரிந்தது கடைகள் நிறைந்த கட்டடம். சோறு போட்டுக்கொண்டே விவரம் கேட்டேன்.

"நடுவுல மாங்கனீசு இருக்கும்மா. ஒரு உலோகம். அத சுத்தி இன்னொரு பொருளு நாலு எடத்துல கவ்விப் பிடிச்சிக்கும். நண்டு பிடிக்குதுல்ல, அந்த மாதிரி லா."

பேச்சின் கடைசியில் 'லா' போடுவது இந்த ஊர்ப் பழக்கம். கேட்டலிஸ்ட் என்றால் என்ன என்றேன். வேலையை வேகமாக முடித்துக் கொடுக்கும், ஆனால் அது தீர்ந்துபோகாது என்றாள். எனக்கு உடனே பட்டர்வொர்த் ஃபெரி ஞாபகம் வந்தது. ஆளை அக்கரை சேர்த்துவிட்டுத் திரும்பி வந்து அடுத்த ஆளை ஏற்றும். அது எங்கும் குடிபோவதில்லை. சொன்னேன். ரீத்தா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, இதை வகுப்பில் சொல்லலாமே என்றாள். தமிழில் இதற்கு வினையூக்கி என்று பெயர் என்பதைப் பிற்பாடு பங்குச் சாமியாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஆனால் துறைத் தலைவி டாக்டர் ஊய்க்கு அதில் இஷ்டமில்லை. சீனப் பெண்மணி. ஒல்லியாக, கறாராக இருப்பார். பிள்ளைகள் குழப்பிவிடுவார்கள், பொருள் வீணாகும், வினையூக்கியைப் புட்டியாக வாங்கி வைத்து உபயோகிக்க மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதும் என்பது அவர் கட்சி. சமையலைச் சொல்லித் தருகிறேன் என்று கடையில் வாங்கிய குழம்பைச் சூடுபண்ணச் சொல்வது போல என்பது ரீத்தாவின் கட்சி. அவள் செய்முறைத் தாளைப் பலமுறை மாற்றி எழுதிக் கொண்டுபோனாள். ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தது.

கடைசியில் டாக்டர் ஊய் ஒரு நிபந்தனை போட்டார். ரசாயனமே தெரியாத இரண்டு பேரைக் கூட்டி வா. தாளை மட்டும் கையில் கொடு. நீ வாய் திறக்கக் கூடாது. இரண்டு பேரும் செய்து முடித்து, இரண்டு பொடியும் வேலை செய்தால் கையெழுத்துப் போடுகிறேன்.

இதற்கு நடுவில் சிங்கப்பூரில் ஒரு கல்லூரி அவளைக் கூப்பிட்டிருந்தது. பதில் சொல்லாமல் வைத்திருந்தாள். ஒருநாள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள், இதுவும் திரும்பி வந்தால் போய்விடுவேன் என்று. உங்களையும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாள். ஒருமுறை கப்பலேறியவளுக்கு மறுமுறை ஏறுவது என்னவென்று தெரியும். புதுத் தெரு, புதுச் சந்தை, புதுக் கவுண்டர். சிவப்பு அட்டைக்காரி அதிக நாள் வெளியே இருந்தால் திரும்பி வரும்போது ஆயிரம் கேள்வி. போகாமல் இருந்தால், இந்த வீட்டில் நானும் சுவரில் இருக்கிற அவர் படமும்.

கல்லூரிக் காவலாளி பாக் பக்கார் சம்மதித்துவிட்டார். இன்னொருவர் கிடைக்கவில்லை. கேண்டீன் அம்மா பயந்துவிட்டார்.

"மா, நீங்க வாங்களேன்."

"நானா? போடி. எனக்கு மிக்சியப் போடவே பயம்."

"ஒண்ணும் படிக்க வேணாம் லா. படம் போட்டுத் தாரேன். படத்தப் பாருங்க, செய்யுங்க."

"அத்தன பேரு முன்னாடியா?"

"ரெண்டே பேரு. டாக்டர் ஊய், பாக் பக்கார்."

"எனக்கு அதுவே கூட்டம்டி."

என்றாலும் போனேன். சிங்கப்பூரை நினைத்துத்தான் போனேன்.

பாக் பக்காருக்கு மலாய்த் தாள். எனக்குப் படத் தாள். டாக்டர் ஊய் அதற்கு ஒத்துக்கொண்டார். ரீத்தா வரைந்தாள், புட்டிகளின் பெயரை அவள் சொல்லச் சொல்ல நான் தமிழில் எழுதினேன். எனக்குப் பள்ளிக்கூடம் நின்றுபோனதற்கு அழுததாக ஞாபகமில்லை. எங்கள் தெருவில் பெண்பிள்ளைக்கு ஐந்தாவது என்பதே பெரிது. ஆனால் அன்றைக்கு எழுத்துக் கூட்டி 'மாங்கனீசு' என்று எழுதியபோது, ஆறாவதில் என்ன சொல்லித் தந்திருப்பார்கள் என்று முதல்முறையாகத் தோன்றியது.

4

வாசலிலேயே தடை. வெளியாட்கள் பதிவு செய்கிற கணினியில் நீல அட்டைக்குத்தான் இடம் இருந்ததாம். சிவப்பு அட்டையை அங்கே உட்கார்ந்திருந்த பெண் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். யாரையோ கூப்பிட்டாள். அவர் வேறு யாரையோ கூப்பிட்டார். கடைசியில் என்னை 'வெளிநாட்டு விருந்தினர்' என்று பதிந்து உள்ளே விட்டார்கள். இத்தனை வருஷம் கழித்து நான் விருந்தாளி. பிறகு பாதுகாப்புப் பாடம். கண்ணில் ஏதாவது பட்டால் என்ன செய்வீர்கள் என்று மலாயில் கேட்டார்கள். எனக்கு வார்த்தை வரவில்லை. கண் கழுவும் குழாய் அருகே போய்க் குனிந்து காட்டினேன். சரி என்று கையெழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

கூடம் பளிச்சென்று இருந்தது. சமையலறை என்று நினைத்தால் பயம் குறையும் என்று ரீத்தா சொல்லியிருந்தாள். அப்படியே நினைத்தேன். கண்ணாடிச் சட்டிகள், புனல்கள், அளவு போட்ட நீள டம்ளர்கள், காற்றை உறிஞ்சுகிற கண்ணாடிக் கூண்டுக்குள் மின்சார அடுப்பு. எல்லாம் துடைத்து வரிசையாக வைத்திருந்தது. ரீத்தா கதவருகே நின்றாள். ஆபத்து என்றால் மட்டும் அவள் குறுக்கே வரலாம். டாக்டர் ஊய் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். பாக் பக்கார் பிஸ்மில்லா சொன்னார். நான் சிலுவை போட்டுக்கொண்டேன்.

முதல் பாகம் நன்றாகவே போனது. இரண்டு தண்ணீர் போன்ற திரவத்தை வெதுவெதுப்பான சாராயத்தில் கலந்தால், கண்முன்னே மஞ்சளாகச் செதில் செதிலாகப் படிந்தது. குடிக்கிற சாராயம் இல்லை, கூடத்துச் சாராயம். பம்பு வைத்து உறிஞ்சி வடிகட்டினோம். அந்த மஞ்சள்தான் நண்டு. இனி அது கவ்வ வேண்டிய மாங்கனீசைச் சேர்க்க வேண்டும்.

அதற்குப் படத்தில் ஒரு புது உருண்டைக் குடுவை போட்டிருந்தது. மஞ்சளை அதில் போட்டு, சாராயம் ஊற்றி, சூடாக்கித் தெளிவாகக் கரைக்க வேண்டும்.

இங்கேதான் என் கை தானாக ஒரு வேலை செய்தது. எங்கள் ஊரில் தண்ணீர்ப் பஞ்சம் பெரிய பஞ்சம். லாரி வருகிற நாளுக்குக் குடம் வரிசையில் நிற்கும். அப்படிப்பட்ட ஊரிலும், வீட்டுக்கு ஆள் வந்தால் அலமாரியிலிருந்து எடுத்த டம்ளரை அப்படியே நீட்ட மாட்டோம். ஒரு கை தண்ணீர் விட்டு அலசி, ஈரம் சொட்டச் சொட்டத்தான் கொடுப்போம். கழுவியது வந்தவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். உலர்ந்த டம்ளரில் தண்ணீர் கொடுத்தால், எப்போது கழுவினதோ என்று நினைத்துவிடுவார்கள். காய்ந்த பாத்திரத்தில் ஊற்றுவது மரியாதைக் குறைவு. பினாங்கில் குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டுகிறது. கேட்கவா வேண்டும். குடுவையைக் குழாயடியில் நீட்டி, சுழற்றி, கவிழ்த்தேன். அதன் கழுத்து குறுகல். அடியில் ஒரு வாய் தண்ணீர் தங்கிவிட்டதை நான் கவனிக்கவில்லை. டாக்டர் ஊய் அந்நேரம் பாக் பக்காரின் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரீத்தா இருந்த இடத்திலிருந்து குழாயடி தெரியாது.

மஞ்சளைப் போட்டேன். சாராயத்தை ஊற்றினேன். சூடாக்கினேன். பாக் பக்காரின் குடுவை பொன்னிறமாகத் தெளிந்தது. என்னுடையது தெளியவில்லை. கலங்கலாக, அங்கங்கே கட்டிகட்டியாக, திரிந்துபோன பால் மாதிரி நின்றது.

அந்த மாதிரி நேரத்தில் எனக்கு என்ன ஆகுமோ அது ஆனது. யாராவது என் முன்னால் வந்து நின்றுகொள்ள மாட்டார்களா என்று தேடினேன். அந்தக் கூடத்தில் ஒளிந்துகொள்ள ஒரு தோள் இல்லை.

"அம்மா..." என்றாள் ரீத்தா. அவ்வளவுதான். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் ஊய் தலையைத் தூக்கிப் பார்த்து ஏதோ குறித்துக்கொண்டார்.

பாக் பக்கார் பக்கத்து மேசையிலிருந்து, "காக், பெலான் பெலான்," என்றார். அக்கா, மெதுவாகச் செய்யுங்கள் என்று அர்த்தம். ரசாயனம் தெரியாதவர் சொன்னால் குற்றமில்லை போலிருக்கிறது. அதை யாரும் குறிக்கவில்லை.

நான் படத்தைப் பார்த்தேன். ரீத்தா அந்த இடத்தில் இரண்டு குடுவை வரைந்து, இரண்டுக்கும் முகம் போட்டிருந்தாள். ஒன்று கலங்கி, வாய் கோணி அழுகிறது. இன்னொன்று தெளிந்து சிரிக்கிறது. அழுகிற குடுவையிலிருந்து சிரிக்கிற குடுவைக்கு ஓர் அம்பு. அம்பின் மேல் சாராயப் புட்டியும் அடுப்பும். வீட்டில் பார்த்தபோது பிள்ளை விளையாட்டு என்று நினைத்தேன். இப்போது என் குடுவை அழுதுகொண்டிருந்தது. அம்பு சொன்னபடி கொஞ்சம் சாராயம் ஊற்றினேன். சூடாக்கினேன். இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். கட்டிகள் ஒவ்வொன்றாகக் கரைந்தன. கடைசியில் அடுப்பின் அடிப்பாகம் அதன் வழியே தெரிகிற அளவுக்குத் தெளிந்தது.

பிறகு மாங்கனீசு உப்பு. வெளிறிய ரோஜா நிறம். அதைக் கரைத்து ஊற்றியதுமே மஞ்சள் மாறத் தொடங்கியது. மீன்தொட்டிக்குப் போடுகிற சின்னப் பம்பு ஒன்று அதற்குள் காற்றைக் குமிழ் குமிழாக விட்டது. தேயிலைச் சாயம், காப்பி டிக்காஷன், கருப்பட்டிப் பாகு என்று நிறம் இறங்கிக்கொண்டே போனது. இன்னொரு வெள்ளை உப்பைச் சேர்த்து, குளிரவிட்டு, ஐஸில் வைத்து, படத்தில் இருந்தபடி சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டேன். கருங்காப்பி நிறத்தில் பொடி இறங்கியது. தண்ணீர் பட்டால் சாராயத்தில் கரைந்தது பிரிந்துவிடும் என்பதும், என் குடுவை முன்பு ஏன் கலங்கியது என்பதும் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வடிகட்டி உலர்த்தியபோது பாக் பக்காரின் பொடியைவிட என்னுடையது கொஞ்சம் குறைச்சல். அது பரவாயில்லை, வேலை செய்கிறதா என்பதுதான் கேள்வி.

5

சோதனையை டாக்டர் ஊய் தம் கையாலேயே செய்தார். துணி வெளுக்கிற குளோரக்ஸையே ரசாயனப் பொருளாக எடுத்ததைப் பார்த்ததும் எனக்கு அந்தக் கூடத்தின் மேல் மரியாதை கூடியது. ஏதோ ஓர் எண்ணெயை அந்தத் திரவத்தோடு சேர்த்தால், வினையூக்கி இருந்தால் எண்ணெய் மாறிவிடும், இல்லாவிட்டால் அப்படியே இருக்கும். மாறியதா என்று பார்க்க ஒரு வெள்ளைத் தகடு. அதன் அடியில் மூன்று பொட்டு வைத்தார். வினையூக்கி இல்லாதது, பாக் பக்காருடையது, என்னுடையது. தகட்டை ஒரு ஜாடிக்குள் நிறுத்தினார். ஜாடியில் இருந்த திரவம் பொட்டுகளையும் இழுத்துக்கொண்டு மெல்ல மேலே ஏறியது; மாறாத எண்ணெய் உச்சிவரை போகும், மாறியது கீழேயே தங்கிவிடும் என்றார்.

ஊதா விளக்கின் கீழே தகட்டை நீட்டினார். வினையூக்கி இல்லாத வரிசையில் பொட்டு உச்சியிலேயே நின்றது. எண்ணெய் மாறவில்லை. பாக் பக்காரின் வரிசையில் உச்சி வெறுமை. கீழே புதுப் பொட்டு. என் வரிசையிலும் உச்சி வெறுமை. கீழே, அவருடையதற்குப் பக்கத்தில் அதே உயரத்தில், கருகருவென்று என் பொட்டு.

பாக் பக்கார் கை தட்டினார். நான் ரீத்தாவைப் பார்த்தேன். அவள் டாக்டர் ஊயைப் பார்த்தாள். டாக்டர் ஊய் சிரிக்கவில்லை.

எல்லோருக்கும் புரியட்டும் என்று மலாயிலேயே பேசினார். கோபமில்லாமல்தான் பேசினார். குடுவை கலங்கிய நேரத்தில் ரீத்தா தமிழில் ஏதோ சொன்னாள், அதற்குப் பிறகுதான் அவள் அம்மா சாராயத்தை எடுத்தார், தமக்குத் தமிழ் தெரியாது, ஆகவே இரண்டாவதை உதவி பெற்றதாகத்தான் எழுத முடியும், ஒன்றுதான் தேறியது, நிபந்தனை இரண்டு. இதுதான் அவர் சொன்னதன் சாரம். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

ரீத்தா வாதாடவில்லை. கையுறையைக் கழற்றத் தொடங்கினாள். விரல் விரலாக, நிதானமாக. அவள் அப்பாவுக்கும் அதே குணம். முடிவெடுத்துவிட்டால் சத்தம் இருக்காது. அந்தக் கை சிங்கப்பூருக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது.

"டியா தா ஆஜார்," என்று ஒரு குரல் கேட்டது. அவள் சொல்லித் தரவில்லை என்று. அந்தக் குரல் என்னுடையது.

எல்லோரும் திரும்பினார்கள். வழக்கப்படி நாக்கு ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டவில்லை. என் மீன் சந்தை மலாயில் சொன்னேன். அவள் சொன்னது அம்மா என்கிற ஒரு வார்த்தை. தாய் தடுக்கி விழப்போனால் எந்தப் பிள்ளையும் சொல்லும். அதில் பாடம் எதுவும் இல்லை. அவள் எனக்குச் சொல்லித் தந்திருந்தால் நான் தண்ணீர் ஊற்றியிருக்க மாட்டேன்.

டாக்டர் ஊய் பேனாவை இறக்கினார். "எந்தத் தண்ணீர்?"

ரீத்தாவும் அதையேதான் கேட்டாள். "எந்தத் தண்ணிம்மா?"

குழாயடிக்குப் போனேன். வேறொரு குடுவையை எடுத்து, தண்ணீர் பிடித்து, சுழற்றி, கவிழ்த்துக் காட்டினேன். பிறகு அதை நிமிர்த்தி, அடியில் தங்கியிருந்த தண்ணீரை ஆட்டிக் காட்டினேன்.

"ஐயோ, ஏம்மா கழுவினீங்க? காயவச்சித்தானே வச்சிருந்தேன்."

"காஞ்ச பாத்திரத்துல யாருடி ஊத்துவா?"

ரீத்தா அதை மலாயில் சொன்னதும் பாக் பக்கார் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். டாக்டர் ஊய் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சரி, கலங்கியதும் சாராயம் ஊற்ற வேண்டும் என்று எப்படித் தெரிந்தது என்று கேட்டார். பரீட்சைக் கேள்விதான் அது. என் பக்கம் ஒரு மேசை, அவர் பக்கம் ஒரு பேனா. படத் தாளை எடுத்துப் போய் அவர் முன்னால் வைத்து, அழுகிற குடுவையின் மேல் விரலை வைத்தேன். என்னுடையது இப்படி அழுதது. விரலை அம்பின் மேல் நகர்த்தினேன். இப்படிச் செய்தேன். சிரிக்கிற குடுவைக்கு நகர்த்தினேன். இப்படி ஆனது.

அவர் எழுந்து என் மேசைக்குப் போய்ச் சாராயப் புட்டியைத் தூக்கிப் பார்த்தார். பாக் பக்காரின் புட்டியையும் தூக்கிப் பார்த்தார். என்னுடையதில் வெகுவாகக் குறைந்திருந்தது. அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

பிறகு டாக்டர் ஊய் சொன்னார். பாக் பக்கார் தாளில் சொன்னபடி செய்தார், வந்தது, அதில் எனக்கு ஆச்சரியமில்லை. என் மாணவர்கள் தாளில் சொன்னபடி செய்ய மாட்டார்கள், ஏதாவது ஒரு தப்பு செய்வார்கள், அப்போது இந்தத் தாள் அவர்களைத் திரும்பக் கூட்டி வருமா என்பதுதான் என் பயம், அதை எப்படிச் சோதிப்பது என்று எனக்குத் தெரியாமல் இருந்தது. இவ்வளவு சொல்லிவிட்டு என் பக்கம் கையைக் காட்டி, இவர் சோதித்துவிட்டார் என்றார்.

கையெழுத்துப் போட்டார். அப்புறம்தான் சிரித்தார். தம் வீட்டில் மாமியார் தேத்தண்ணீர்க் கிண்ணத்தைக் கொதிநீரில் அலசாமல் விருந்தாளிக்கு ஊற்ற மாட்டார் என்றும், அந்த அம்மா இங்கே வந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும் என்றும் சொன்னார். குடுவையைக் கழுவாதே என்று முதல் படத்திலேயே எழுது, நமக்கு இருக்கிற எல்லா மொழியிலும் எழுது என்று ரீத்தாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

ரீத்தா அங்கேயே, ஜன்னலோரம் நின்று, போனில் ஏதோ தட்டினாள். அவளாகவே திரும்பி, "வரலன்னு போட்டுட்டேன்மா," என்றாள். நான் கண்ணாடியைக் கழற்றினேன். கண்ணைத் துடைக்கத்தான் கழற்றினேன், ஆபரேஷன் எதுவும் இல்லை.

6

செய்த பொடியைச் சின்னப் புட்டியில் போட்டு, செய்தவர் பெயரை ஒட்ட வேண்டும் என்பது அந்தக் கூடத்துச் சட்டம். ரீத்தா எனக்காக எழுத வந்தாள். பேனாவை வாங்கிக்கொண்டேன். மாங்கனீசு வினையூக்கி, செய்தவர் ம. லூர்தம்மாள் என்று தமிழில் எழுதினேன். இது யாருக்கும் புரியாதே மா என்றாள். கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்றேன். பாக் பக்காரின் புட்டிக்குப் பக்கத்தில் அதை வைத்தோம்.

பருவம் தொடங்கி இந்த வாரம் பிள்ளைகள் அந்தப் பாடத்தைச் செய்திருக்கிறார்கள். அநேகமாக எல்லோருக்கும் பொடி வந்ததாம். ஒரு குழுவுக்குக் குடுவை தரையில் விழுந்து உடைந்துவிட்டது. சோதனைக்கு வினையூக்கி இல்லாமல் நின்றவர்களுக்கு ரீத்தா அலமாரியிலிருந்து என் புட்டியை எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

அந்தக் குழுவில் சுங்கை பாக்காப்பிலிருந்து வரும் ஒரு பெண். தமிழ்ப்பள்ளியில் படித்தவள். புட்டியை வெளிச்சத்தில் தூக்கி, அதில் எழுதியிருந்ததைச் சத்தமாக வாசித்திருக்கிறாள். சீனப் பிள்ளைகளும் மலாய்ப் பிள்ளைகளும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்களாம். என் பெயரை அவ்வளவு பெரிய கூடத்தில் யாரும் அதுவரை சொன்னதில்லை.

"டீச்சர், இந்த லூர்தம்மாள் எந்த லேப்புல வேலை செய்றாங்க?" என்று அந்தப் பெண் கேட்டிருக்கிறாள்.

"நம்ம லேப்புலதான்," என்றாளாம் என் மகள்.